இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு படகோட்டி

பதினைந்து நாட்களுக்கு முன்பு நான் கடலில் நடந்தேன்.

அற்புதம் எல்லாம் இல்லை. தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாமல், கால் மணி நேரம் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி, "காப்பாத்துங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிதானமாகத் திரும்பினார்.

"சார், இறங்கி நடங்க. இடுப்பளவுதான்."

இறங்கினேன். அவர் சொன்னது சரிதான். படகைக் கயிற்றில் கட்டி, மாட்டை ஓட்டி வருவது போல இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். கரையில் என் மனைவி சுமதி செல்போனும் கையுமாக நின்றாள்.

"முழுசா வீடியோ எடுத்துட்டேங்க. காப்பாத்துங்க சொன்னதுலேர்ந்து."

சரி, தஞ்சாவூரில் உட்கார்ந்து பத்தி எழுதுகிறவனுக்குக் கடலில் என்ன வேலை? அங்கேதான் தப்பே ஆரம்பிக்கிறது. படகு என்னுடையது இல்லை. என் மச்சானுடையது, அதாவது சுமதியின் அண்ணனுடையது. இருபத்திரண்டு வருடங்களாக வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கப்பலில் ஏற்றியவர், தான் மட்டும் ஒரு படகிலும் ஏறியதில்லை. அந்தக் குறை தீர, போன வருடம் ஆசை ஆசையாக ஒரு கயாக் வாங்கி, பேராவூரணிப் பக்கம் கடற்கரையை ஒட்டி இருக்கும் தன் தென்னந்தோப்பு ஷெட்டில் வைத்துவிட்டுப் போனார்.

கயாக் என்றால் ஒல்லியான சின்னப் படகு. இதில் பாய் உண்டு. துடுப்புக்குப் பதில் காலால் மிதிக்கும் பெடலும் உண்டு. மிதித்தால் அடியில் இரண்டு இறக்கைகள் மீன் வால் மாதிரி அசைந்து படகைத் தள்ளும். அந்தப் பெடல் பாகத்தை மட்டும் தனியாகத் தூக்கி வெளியே எடுக்கலாம்.

சாவி என்னிடம். கிளம்பும்போது மச்சான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மாப்ளே, தூசி மட்டும் தட்டி வைங்க. பொங்கலுக்கு வந்து நானே முதல்ல இறக்குறேன்."

முதல்ல. இந்த வார்த்தையைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன். ஆனாலும் மழை விட்டு, வெயில் அடித்த அந்தக் காலையில் எனக்கு ஒரு நியாயம் தோன்றியது — ஓடாமல் கிடந்தால் மெஷின் கெட்டுவிடாதா? மச்சான் நன்மைக்குத்தானே?

இரண்டு மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில், 'அடுத்தவர் பொருளில் கை வைப்பவர்கள்' பற்றி வெளுத்து வாங்கியிருந்தேன். அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பதாக கீழ்வேளூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அம்மா, தயவுசெய்து அதைக் கிழித்துவிடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் இடது பெடல் கொஞ்சம் முனகியது. அழுத்தி மிதித்தேன். கடக். இரண்டு பெடலும் அப்படியே நின்றுவிட்டன. பாயை விரித்தேன். படகு ஒரு சுற்றுச் சுற்றி, இலங்கையைப் பார்த்து நின்றது. அவசரமாகச் சுருட்டினேன். துடுப்பு? ஷெட்டில் இருந்தது. பெடல் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்று கேட்டது நான்தான்.

மச்சான் வரப் பத்து நாள் இருந்தது.

"அண்ணன்கிட்ட நானா போய் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றாள் சுமதி. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெடல் பாகத்தைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி காரில் வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜையில் கிடத்தினேன். முதல் வேலையாகத் தயாரித்த கம்பெனிக்கு ஒரு காட்டமான மெயில். எங்கள் ஊர்க் கடலைத் தாங்க முடியாத ஒரு பொருளை விற்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்கிற தொனியில். அவர்கள் பணிவாகப் பதில் போட்டார்கள். 'சுழலும் பாகங்களில் நாங்கள் சொல்லாத பொருள் எதையாவது பூசினீர்களா?'

நானா? ரோஷத்துடன் 'இல்லை' என்று அடித்து அனுப்பினேன்.

பிறகு யூடியூப். ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே நாலு நிமிடத்தில் அந்த மெஷினைக் கழற்றி மாட்டிவிடுகிறார். நான் காலை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு சின்ன ஸ்பிரிங் விர்ரென்று எகிறி, காலண்டரில் பட்டு, மோர்க் கிண்ணத்தில் விழுந்தது. தேங்காய் எண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் விட்டேன். துணி சுற்றிய சுத்தியலால் செல்லமாகத் தட்டினேன். கடைசியில் செல்லமில்லாமலும் தட்டினேன். அசையவில்லை. வெறுத்துப்போய்த் திரும்ப மாட்டினேன். எல்லாம் மாட்டிய பிறகும் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்படி மூன்று நாள் போனது.

"வயல்ல ஓடுற மெஷினெல்லாம் ரிப்பேர் பண்றாங்க. இதைப் பண்ண மாட்டாங்களா?" என்று சுமதிதான் கேட்டாள்.

பேராவூரணி போகும் சாலையில் செல்வியின் பட்டறை. முப்பது வயது இருக்கும். டிப்ளமோ படித்தவர். நடவு மெஷின், அறுவடை மெஷின் இரண்டுக்கும் அந்த வட்டாரத்தில் அவர்தான் டாக்டர். சம்பா அறுவடை நேரம் வேறு... வாசலில் மூன்று அறுவடை மெஷின்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் நான், போர்வைக் குழந்தையோடு. காத்திருந்த விவசாயி ஒருவர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது, புது மாடல் நடவு மெஷினா?"

"படகோடது."

"படகுக்கு எதுக்கு சார் பெடலு?"

நியாயமான கேள்வி.

என் முறை வந்தது. உப்புக் காற்று, கடற்புல், மணல், கம்பெனியின் தரம் என்று என் ஆராய்ச்சி முடிவுகளை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். செல்வி கேட்டுக்கொண்டே மெஷினைத் திருப்பினார். நின்றார். குனிந்து முகர்ந்தார்.

"சார், சந்தன வாசனை வருதே."

எனக்குப் புரியவில்லை. அவர் மூடியைக் கழற்றினார். "இதை முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்க சார்."

"ஆமா... யாரோ."

"அந்த யாரோகிட்ட ஒரு வாஷர் இருக்கும். வாங்கிக் கொடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். மூக்குக் குறடை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். பழுப்பாக, எண்ணெயில் ஊறி, நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதன் நுனியில் காய்ந்த மரிக்கொழுந்து ஒன்று ஒட்டியிருந்தது.

"ஆயுத பூஜை போட்டீங்களா சார்?"

"லேசா..."

"லேசாவா? பல்லு பூரா சந்தனம் அப்பியிருக்கு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை அன்று தோப்புக்குப் போயிருந்தேன். மோட்டார், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் பொட்டு வைத்துப் பளிச்சென்று இருந்தன. மச்சானின் படகு மட்டும் அநாதையாகக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. பெடலில் பல்சக்கரம் விடாமல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நாலு முழம் கதம்பத்தை நன்றாகச் சுற்றி முடிச்சும் போட்டேன். பூ வாடியதும் பூவை உருவி எறிந்தேன். நாரை விட்டுவிட்டேன்.

"மெஷினுக்குப் பொட்டு வைக்கலாம் சார். சுத்துற எடத்துல வைக்கக் கூடாது" என்றார் செல்வி. "நூல்ல கட்டுன பூவா இருந்தா அறுந்திருக்கும். இது வாழைநாரு. தண்ணி பட்டா இன்னும் இறுகும். ஆயுத பூஜைக்கு மறு வாரம் எனக்கு இதே வேலைதான்."

நம் ஊரில் மெஷினுக்கு மரியாதை அதிகம். மேனுவலுக்குத்தான் இல்லை.

இருபது நிமிடம். பெடல் வெண்ணெய் மாதிரி ஓடியது. கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். எழுதுவேன்... எப்போதாவது.

பொங்கலுக்கு மச்சான் வந்தார். காணும் பொங்கல் காலையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனோம். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெடலைக் கையால் தள்ளிப் பார்த்தார். தடையில்லாமல் அசைந்தது.

"வச்சது வச்சபடி இருக்கு மாப்ளே. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போனேன்."

சுருக்கென்றது. சுமதி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, எப்படியோ தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் பையைத் திறந்தார். ஒரு கிண்ணத்தில் குழைத்த சந்தனம். இலையில் சுற்றிய கதம்பம், நாலு முழத்துக்குக் குறையாது.

"நேத்து சாயங்காலமே தஞ்சாவூர்ல வாங்கிட்டேன். வாழைநார்ல கட்டுனதுதான் வேணும்னு கேட்டு வாங்குனேன்" என்றபடி பெடல் அருகே மண்டியிட்டார்.

நான் வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் என்ன ஆகும்? பெடல் நிற்கும். மச்சான் நடந்து வருவார். இடுப்பளவுதானே? பழியைக் கடல் மேல் போட்டுவிடலாம். ஆனால் இருபத்திரண்டு வருடம் கப்பல்களை வேடிக்கை பார்த்த மனுஷன், ஐந்தே நிமிடத்தில் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்பதா?

"மச்சான், அங்க கட்டாதீங்க."

"ஏன்?"

சொல்லிவிட்டேன். பூஜை, சவாரி, சுத்தியல், வாஷர் எல்லாவற்றையும். நடந்து வந்ததை மட்டும் விட்டுவிட்டேன். சுமதி செல்போனை நீட்டினாள்.

"அதுக்கு வீடியோ இருக்குண்ணே."

மச்சான் முழுதாகப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. சந்தனத்தைத் தொட்டு என் நெற்றியில் பட்டையாகப் பூசினார். கதம்பத்தை எடுத்து என் கழுத்தில் சுற்றி, பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டார்.

"மொத சவாரி போனவங்களுக்குத்தான மாப்ளே மால போடணும்."

பிறகு படகில் ஏறி மிதிக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார், அவ்வளவு தூரம். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு, யாரும் கவனிக்காதபோது கழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன்.

வரவில்லை. வியர்வையில் நனைந்த வாழைநார் ஆயிற்றே.