காலர்க்காரி கேட்ட வார்த்தை

காலர்க்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் வீட்டில். "தம்பி அந்தக் காலர்க்காரியத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான் பெரியம்மா" என்று கொழுந்தனின் மூத்த மகள் முகத்தைச் சுளித்தாள். மூத்தவள் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். தனக்குக் கீழே சட்டைக் காலர் தைக்கிறவள் தம்பி பெண்டாட்டியாக வந்தால் பொறுப்பாளா? ஆனாலும் கல்யாணம் நடந்தது. ஒரே ஒரு பெண் பிறந்தது.

அந்தப் பெண் வேலைக்குப் போகும் வயதில், மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்காரத் தொடங்கினாள். உதடு நீலம் பாரித்தது. கையில் பட்டை கட்டிப் பார்த்தால் பிரஷர் சரியாகவே இருந்தது. "வேலைக்கு டிமிக்கி குடுக்குறா" என்றாள் மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்மை தெரிந்தது. நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய்களில் மட்டும் அழுத்தம் ஏறியிருந்தது. தள்ளித் தள்ளி இதயம் ஓய்ந்துபோயிருந்தது. பிறவியிலேயே வருகிற மரபணு மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று மகளுக்கும் துணைக்கு இருந்த தாய்க்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருமுன் மகள் போய்விட்டாள்.

துக்கம் முடிந்து காலர்க்காரி வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் முன்னால் மூத்தவள் சொன்னாள்: "எங்க வம்சத்துல யாரும் இப்படிப் போனதில்ல. உன் ரத்தம் கெட்ட ரத்தம். அதுதான் எங்க பொண்ணக் கொன்னுச்சு." புருஷனும் அக்கா பேச்சைக் கேட்டு அக்கா வீட்டோடு போய்விட்டான்.

பிறகு முடிவு வந்தது. மகளிடம் மாற்றம் இருந்தது, தாயிடம் இல்லை. காலர்க்காரி நேராக என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, உங்க வீட்டுல மூச்சு முட்டி யாராச்சும் செத்தாங்களா?"

என் மாமனாரின் கடைசி மகள் அப்படித்தான் செத்தாள், பிள்ளை பெற்ற கையோடு. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் காய்ச்சல் என்றே சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். சொல்லிச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளே அதை நம்பிவிட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்.

அவள் உடனே எதுவும் செய்யவில்லை. காத்திருந்தாள்.

மூத்தவளின் மகளுக்குக் கல்யாணமானது. காலர்க்காரியிடம் மாற்றம் இல்லை என்பதையும் அத்தை செத்த உண்மையையும் நான் அந்த வீட்டில் சொல்லியிருந்ததால், பிள்ளை பெறலாமா என்று டாக்டரிடம் போனாள். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பிரசவம் உயிருக்கே ஆபத்து. எந்த மாற்றத்தைத் தேடுவது என்று தெரிய, இறந்துபோன பெண்ணின் பரிசோதனை முடிவு வேண்டும் என்றார் டாக்டர். பரிசோதனைக்குக் கையெழுத்துப் போட்டவள் பெற்றவள்தான்; அப்பன் கேட்டால் ஆகாது, அவள் சம்மதித்தால்தான் ஆஸ்பத்திரியில் தருவார்கள்.

என்னைத் தூது அனுப்பினார்கள். "அந்தப் பொண்ணு என்னடி பாவம் செஞ்சுது?" என்றேன்.

"என் பொண்ணு என்ன பாவம் செஞ்சுது பெரியம்மா?" காலர்க்காரி நூல் பிசிறை வெட்டிக்கொண்டே கேட்டாள். "தர்றேன். எங்க வச்சு என்னச் சொன்னாங்களோ, அங்கேயே வந்து அவங்க ரத்தம்தான்னு சொல்லட்டும்."

"அவ செத்தாலும் சொல்ல மாட்டா."

"அப்போ அவங்க பொண்ணு காத்திருக்கட்டும்."

புருஷன் வந்து கெஞ்சினான். அவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கடைசியில் மூத்தவளின் மகள் தாயோடு பேச்சை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் மூத்தவளின் வீம்பு இறங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று, "எங்க ரத்தம்தான்" என்று முணுமுணுத்தாள். எல்லா மிஷினும் நின்றிருக்க, காலர்க்காரி மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் ஓடுது அண்ணி, கேக்கல."

"எங்கள வையும்போது மட்டும் மூணு தெருவுக்குக் கேக்குமே மேடம்" என்றாள் பட்டன் தைக்கிறவள். கூடமே சிரித்தது.

மூத்தவள் குரலை உயர்த்தினாள். "எங்க வம்சத்து ரத்தம்தான். எங்க அத்தையும் அதுலதான் செத்துது. உம்மேல வீண்பழி போட்டேன்."

காலர்க்காரி மிஷினை நிறுத்திக் கைப்பையை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சோதித்துப் பார்த்ததில், மூத்தவளிடம் அந்த மாற்றம் இருந்தது. இருக்கிற எல்லாருக்கும் நோய் வருவதில்லையாம்; அவள் கல்லுக்குண்டு போல இருக்கிறாள். அவள் மகளிடம் இல்லை. அதைக் காலர்க்காரியிடம் சொல்லப் போனவள் நான்தான்.

"அவ மகளுக்கு இல்லையா?"

"இல்லடி. சந்தோஷப்படேன்."

"அந்தப் பொண்ணுக்காகப் படறேன். அவ அம்மாவுக்காகப் பட மாட்டேன்" என்றவள், அன்று தைத்த காலரையெல்லாம் கோணலாகத் தைத்துப் பிரித்தாளாம்.

மூத்தவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். புருஷனைக் காலர்க்காரி திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே கம்பெனியில் காலர் தைக்கிறாள். அதே மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள்.