பெரட்டில் வாசித்த மாதம்

மகப்பேற்றுப் பதிவேட்டில் ஒருமுறை திருத்தப்பட்ட திகதியை, வைத்திய அதிகாரியின் எழுத்துமூலமான பதில் இல்லாமல் இரண்டாம் முறை திருத்தக் கூடாது. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த காலத்தில் இது நடைமுறையில் இருந்த விதி. நல்ல விதி. பிழை விடும் உரிமை ஒருவருக்கு ஒருமுறைதான் உண்டு என்று அது சொல்கிறது. அதை வரைந்தவன் நான். மீறியவனும் நான்தான்.

போன மாதம் என் பேத்தி பேராதனையில் ஸ்கேன் எடுத்து வந்து ஒரு படத்தை என் கையில் தந்தாள். ஏழாவது வாரம். கறுப்பு வட்டத்துக்குள் அவரை விதை போல இரண்டு புள்ளிகள். எல்லோரும் படத்தைப் பார்த்து வியந்தார்கள். நான் ஒரு மருத்துவமாதுவை நினைத்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து தோட்டத்துக்கு வருவார். வெள்ளைச் சேலை, கழுத்தில் சிறிய சிலுவை, பையில் ஓர் அளவு நாடா, புனல் மாதிரி ஒரு மரக்குழல். இவ்வளவுதான் அவருடைய கருவிகள். என்னிடமோ பதினொரு பதிவேடுகள் இருந்தன.

அந்த வருடம் யூலை நடுவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பெயரைப் பதிவேட்டில் கண்டேன். கடைசித் தீட்டு சித்திரை வருடப் பிறப்பு வாரம் என்று மருத்துவமாது எழுதியிருந்தார். கணக்குப்படி மூன்று மாதம். ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், நானே அவளைப் பார்த்திருந்தேன். வயிறு ஐந்து மாதத்துக்குக் குறையாது. முகம் வெளிறி, மேட்டில் பத்து அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கினாள். ஐந்து மாதம் ஆனவர்களுக்குச் சில்லறை வேலை கொடுக்கலாம். கூடை சுமக்க வேண்டாம், மலை ஏற வேண்டாம். பாவம், மருத்துவமாது மாதத்தைப் பிசகி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். சிவப்பு மையால் ஏப்ரலை வெட்டி, பெப்ரவரி என்று எழுதி, கையொப்பமும் வைத்தேன். அன்று மாலை ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு தேநீர் குடித்தேன்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை வழக்கம் போலச் சில்லறை வேலைப் பட்டியலை உரக்க வாசித்தார். பெயர், லய இலக்கம், மாதம். அவள் பெயருக்கு நேரே “அஞ்சு மாசம்” என்று அவர் சொன்னதும் களத்தில் தலைகள் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னாடி, கப்பல் வர்றதுக்கு முந்தியே தபால் வந்துருச்சு போல!”

சிரிப்பு எழுந்தது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் புருஷன் தைப்பொங்கல் முடிந்ததும் தாயைப் பார்க்கத் தலைமன்னார் வழியாக இந்தியா போனவன். திரும்பி வந்தது வருடப் பிறப்புக்கு. அவனுடைய லீவு விண்ணப்பத்தை அங்கீகரித்து, வந்த நாளைக் குறித்து வைத்ததும் நான்தான். ஆனால் அது வேறு பதிவேடு, வேறு அலுமாரி.

அவள் முன்னால் வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “எனக்குச் சில்லறை வேல வேணாங்கய்யா. நான் கூடையோடயே போறேன்” என்றாள். போய்விட்டாள். அந்த வேலையை வாங்கிக்கொண்டால் ஐந்து மாதத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அன்று மாலையே புருஷன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

மருத்துவமாது மூன்றாம் நாள் தோட்ட அலுவலகமான கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

“ஐயா, இத யாரு வெட்டினது?”

“நான்தான். வயிறு பெருசா இருந்திச்சி.”

“வயித்தத் தொட்டுப் பாத்த நான் மூணுன்னு எழுதியிருக்கேன். தூர நின்னு பாத்த நீங்க அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. பெப்ரவரியில அவ புருஷன் எங்க இருந்தான்?”

நான் எழுந்து அடுத்த அலுமாரியைத் திறந்தேன். திறந்த பிறகு அதை மூடச் சற்று நேரமாயிற்று.

அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். கோபமில்லாத குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறாவது வாரத்திலேயே தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. மார்பில் தாங்க முடியாத நோவு. உட்கார்ந்த இடத்தில் உறங்கிப்போகும் அசதி. வாந்தி ஓய்ந்ததும் ஓயாத பசி. மாதத்தை மிஞ்சி மேலே ஏறி நிற்கும் கருப்பை. அவளுடைய தாய்க்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இரட்டைப் பிள்ளை பெற்றவள். “ஒவ்வொண்ணாப் பாத்தா எந்தப் பொம்பளைக்கும் வர்றதுதான். எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்தா ரெண்டா இருக்குமோன்னு நெனைக்கத் தோணும். ஆனா நெனைப்ப எழுதறதுக்கு உங்க புத்தகத்துல கட்டம் இல்லியே, ஐயா.”

இல்லைதான். அந்தப் பதிவேட்டுக்குக் கட்டம் கீறியவனும் நானே.

அன்றே வைத்திய அதிகாரிக்குக் கடிதம் தட்டச்சு செய்தேன். மருத்துவமாது சொன்ன குறிகளை வரிசையாக எழுதி, திகதியைப் பழையபடி மாற்ற அனுமதி கேட்டேன். ஆகஸ்டில் நினைவூட்டல் அனுப்பினேன். செப்டெம்பரில் இன்னொன்று. பதில் இல்லை. செப்டெம்பர் நடுவில் உண்மைக் கணக்கிலேயே அவளுக்கு ஐந்து மாதம் நிறைந்தது. ஆனால் பட்டியலில் அவள் பெயர் பெப்ரவரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கணக்கில் அவள் சில்லறை வேலை வாங்க மாட்டாள். அதை மாற்ற என் விதி விடாது. வீங்கிய காலோடு மலை ஏறினாள். “இப்பிடியே ஏறினா மூணு உசிரும் போயிரும்” என்று மருத்துவமாது என் மேசைக்கு முன் நின்று சொன்னார். நான் கோப்பில் இருந்த நினைவூட்டல்களைக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவே இல்லை.

ஒக்டோபர் முதல் ஞாயிறு காலை மருத்துவமாது எனக்கு ஆள் அனுப்பினார். விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் தோட்டத்தில் என்னிடம்தான் இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடும் பிள்ளைமடுவத்தில், சேலை கட்டி மறைத்த ஒரு மூலைக்கு வெளியே, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். மறைப்புக்குள் அந்தப் பெண் பெஞ்சில் படுத்திருந்தாள். மருத்துவமாது பேராதனையிலிருந்த தோழி ஒருத்தியிடம் இரண்டாவது குழல் இரவல் வாங்கி வந்திருந்தார். அந்தக் குழலுக்குப் புருஷனை அழைத்திருந்தார். அவன் திருவிழாவில் தப்பு அடிப்பவன். தாளம் பிசகாத காது.

“தம்பி, நீ இந்தப் பக்கம் காத வையி. நான் அந்தப் பக்கம். கேக்கிறத மட்டும் பெஞ்சில தட்டு. என் தட்டப் பாத்துத் தட்டிறாத.”

“கேக்கலீங்கம்மா.”

“இன்னுங் கொஞ்சம் கீழ. அமுத்தாத. மூச்ச அடக்கு.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெஞ்சில் ஒரு விரல் தட்டத் தொடங்கியது. விரைவாக, ஓடுகிற ஆளின் நெஞ்சு போல. அதன் பின்னால் இன்னொரு விரல். நான் கடிகாரத்தைப் பார்த்து “சரி” என்றேன். இரண்டும் சேர்ந்து போவது போலிருந்தது. பிறகு ஒன்று முந்தியது, மற்றது பின்தங்கியது. மறுபடி ஒரு கணம் சேர்ந்து, மறுபடி பிரிந்தன. ஒரு நிமிடம் முழுவதும் நான் சுவரைப் பார்த்தபடி அந்த இரண்டு விரல்களைக் கேட்டேன். கை மயிர் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. “போதும்” என்று சொல்ல வேண்டியவன் நான்; சொல்ல மறந்துவிட்டேன். எண்ணிப் பார்த்த மருத்துவமாது, நிமிடத்துக்குப் பதினாறு தட்டு வித்தியாசம் என்றார்.

புருஷன்தான் முதலில் பேசினான். “அம்மா, இது ஒரு ஆளு அடி இல்ல. ரெண்டு பேரு அடிக்கிறாங்க.”

பிறகு அவள் குரல் கேட்டது, மெதுவாக: “இப்பவாச்சும் கேட்டிச்சா?”

அவன் அழுதான். நான் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கந்தோரைத் திறந்து பெப்ரவரியை வெட்டினேன். ஏப்ரல் என்று எழுதி, பக்கத்தில் “என் பிழை” என்று குறித்தேன். அத்தாட்சிக் கடித இலக்கம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். மறுநாள் பெரட்டில் பட்டியலைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்காமல் நானே வாசித்தேன். அவள் பெயர், லய இலக்கம், மாதம். முன்பு வாசித்த மாதம் தவறு, தவறியது பெரிய கிளாக்கர் என்றும் வாசித்தேன். பின்வரிசையில் இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. புருஷன் போய் அவள் தோளிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டான்.

லயத்து வரிசை வீட்டில் பிரசவம் வேண்டாம் என்று மருத்துவமாது பிடிவாதமாக நின்றதால், வலி தொடங்குமுன்னே தோட்டத்து லொறியில் அவளைக் கண்டிக்கு அனுப்பினோம். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு நாலு நாள் முன்பு முதலில் பெண், பதினைந்து நிமிடம் கழித்து ஆண். மூவரும் சுகம்.

வைத்திய அதிகாரியின் பதில் ஒற்றை வரி: மேற்படி பெண்ணை ஐந்தாம் மாதம் முடிவதற்கு முன் பரிசோதனைக்கு அனுப்பவும். பெற்றுக்கொண்ட முத்திரையைக் குத்திக் கோப்பில் சேர்த்தேன். பதில் வந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள்; பிள்ளைகளுக்கு அன்று இருபத்தைந்து நாள்.