தாரிகாவின் குழாய்க்கு எத்தனை சொந்தக்காரர்

தாரிகா பிறந்தது நெடுந்தீவில். சிறுவயதில் அவளுக்கு அப்பென்டிக்ஸ் வெடித்தபோது கடல் கொந்தளிப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகப் படகு ஓடவில்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அன்று வயிற்றுக்குள் பரவிய கிருமி இரண்டு கருக்குழாய்களையும் கெடுத்துவிட்டது என்பது, சரவணை என்ற ஊருக்குக் கலியாணம் கட்டி வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

குழாய்கள் அடைபட்டதோடு நிற்காமல், வீங்கி நீரும் கட்டியிருந்தன. "அந்த நீர் கருப்பைக்குள்ள கசியுது. வெளியில கருவை உண்டாக்கி உள்ள வைச்சாலும் தங்கிறது கஷ்டம். முதலில குழாயை எடுப்பம்" என்று யாழ்ப்பாணத்து டொக்டர் அப்போதே சொன்னார். கேட்டார்களா? மாமி சத்தியபாமா மறுத்தார். கனடாவிலிருந்து மச்சாள் பிரியவதனி, கணவனின் அக்கா, வைபரில் மறுத்தார். கணவன் சுதாகரன் இரண்டு பேருக்கும் தலையாட்டினான். குழாயை விட்டுவைத்தே கருவை வைத்தார்கள். தங்கவில்லை.

இந்த முறை குழாயை எடுத்த பிறகுதான் மறுபடி கரு வைப்பதெல்லாம் என்று தாரிகா ஒற்றைக்காலில் நின்றாள். ஊரிலோ குழாய் ஒப்பரேசன் என்றால், பிள்ளை போதும் என்றவர்கள் செய்வது. "பிள்ளையில்லாதவள் பிள்ளை வேண்டாமெண்டு ஒப்பரேசன் செய்யப் போறாளாம்" என்று அயல்வீட்டுச் செல்லாச்சி கோயில் வாசலில் தொடங்கிவைக்க, ஊர்வாய்க்கு அவல் கிடைத்தது.

"நயினாதீவு அம்மாளுக்குத் தொட்டில் நேர்ந்திருக்கிறன் பிள்ளை. குழாயை வெட்டினா அவ எந்த வழியால தாறது?" என்றார் மாமி.

"கடல் தண்ணி வயலுக்க ஏறினா அணையை அடைப்பியளோ, அம்மாள் பாப்பா எண்டு விடுவியளோ, மாமி?"

வயல் செய்த குடும்பத்துக்காரிக்கு உவர்நீரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மாமி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

"எதுக்கும் அக்காவையும் ஒருக்கா கேப்பம்" என்றான் சுதாகரன்.

"உங்கட அக்கா தன்ர வயித்து விசயத்தை ஆரிட்டக் கேட்டுச் செய்தவ?"

தானாக ஒரு பிள்ளை தங்காதா என்ற ஆசை தாரிகாவுக்கு மட்டும் இல்லையா என்ன? ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போனால் மனம் துள்ளத்தான் செய்தது. அந்த ஆசையையும் சேர்த்து வெட்டி எறியச் சொல்லிக் கையெழுத்து வைக்கப்போகிறவள் அவள். அது இந்த வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே என்பதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பஸ் ஏறிப் போய் ஒப்பரேசனுக்கு நாள் எடுத்தாள்.

ஒப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகே மாமி நின்றார்.

"ஒண்டையாவது விட்டவையோ?"

"இல்லை. ரெண்டையும் எடுத்தாச்சு."

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். சுதாகரன் போனை நீட்டினான். "வடிவா யோசிச்சுத்தானே செய்தனியள்?" என்று மச்சாள் அதற்குள்ளிருந்து கேட்டார். தாரிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஊர்காவற்றுறைச் சூசையம்மா, முன்பின் அறியாத மனுசி, தலையை உயர்த்திப் பார்த்தார்.

"கனக்க நோகுதோ பிள்ளை?"

இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"ஓம்" என்றாள் தாரிகா. அப்போதுதான் அழுகை வந்தது.