சந்தேகம் வந்தால் பந்து உள்ளே

எங்கள் டென்னிஸ் கிளப்பில் நடுவர் கிடையாது. உன் பக்கம் விழும் பந்துக்கு நீதான் நீதிபதி. நீ ‘அவுட்’ என்றால் அவுட். சந்தேகம் வந்தால் மட்டும் பந்து உள்ளே என்று எதிராளிக்கே விட்டுக்கொடுத்துவிட வேண்டும். வாசல் பலகையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பதினொரு வருடத்தில் அந்தப் பலகையை மதித்த ஒரே ஆள் என் அண்ணி. மற்றவர்கள் அதற்குக் கீழே சைக்கிள் நிறுத்துவதோடு சரி.

அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலை ஒன்பது மணியிலிருந்து இருட்டறையில் நின்றபடி, ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?’ என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிற வேலை. முப்பத்தெட்டு வயதில், கடைக்குப் பின்னால் இருந்த கிடங்குச் சுவரில் பழைய பந்தை அடித்து அடித்துத்தான் ஆடக் கற்றார். இந்த வயதில் எதற்கு இந்தக் கூத்து என்று அண்ணன் சிரித்தான். அடுத்த வருடம் அவனையே எதிரில் நிறுத்தி, மூச்சு வாங்க விரட்டினார். அதற்குப் பிறகு அண்ணன் வயதைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கிளப்புக்குக் கூட்டி வந்ததும் அவர்தான். என் முதல் மட்டையும் அவர் வாங்கித் தந்ததுதான்.

சனிக்கிழமை காலையில் யார் யாரோடு ஆடுவது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் மட்டையைப் பெஞ்சில் வரிசையாக வைக்க வேண்டும். கோர்ட் காலியானதும் முதல் நான்கு மட்டைக்காரர்கள் இறங்குவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் மட்டை இரண்டு இடம் பின்னால் போயிருக்கும். மட்டைக்குக் கால் முளைக்கவில்லை. செயலாளர் மனைவிக்குக் கை நீளம். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மகாராணி, அவள் காதுபடச் சொல்வதில்லை. கடைசியில் அண்ணிக்கு வாய்ப்பதெல்லாம் நேற்றுச் சேர்ந்தவர்களோடு ஆட்டம். விட்டுத்தள்ளு, ஆடுவதுதானே முக்கியம் என்பார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லிவைத்த ஆளை நான் ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். பதினொரு வருடம் பொறுத்தும் அண்ணி ஒரு பெஞ்சைக்கூட ஆளவில்லை.

கிளப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து நான்கு பெண்கள் போவோம். இந்த வருடம் மூன்று இடம் முடிவாகிவிட்டது. அதில் ஒன்று என்னுடையது. நான்காவது இடத்துக்கு அண்ணியும் மகாராணியும் மோத வேண்டும், ஜெயிப்பவர் போகலாம் என்று ஏற்பாடு.

“அடுத்த வருஷம் எனக்கு அம்பது. முட்டி இப்பவே பேச ஆரம்பிச்சிடுச்சு. ஒரே ஒரு தடவை கிளப் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆடிடணும்,” என்றார் அண்ணி. அவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதே வாரம் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருடம் அணித் தலைவி நான்தான் என்று சொல்லியிருந்தார். இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை.

எங்களுடையது மண் கோர்ட். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். அவுட் என்று சொன்னவர், எதிராளி கேட்டால் அந்தத் தடத்தைக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன்னால் அழித்துவிட்டால் புள்ளி எதிராளிக்கு. இதுவும் பலகையில் இருக்கிறது.

ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனது. ஐந்துக்கு நான்கு என்று அண்ணி முன்னால் இருந்தார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது. அதற்குள் சந்தேகமான மூன்று பந்துகளை உள்ளே என்று மகாராணிக்குத் தாரை வார்த்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஒரு பந்தை மூலைக்கு அடித்தார். அது என் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. பாதி சுண்ணாம்புக் கோட்டில், பாதி மண்ணில். கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளேதான். தடம் பளிச்சென்று தெரிந்தது.

மகாராணி விரலைத் தூக்கி அவுட் என்றாள்.

தடத்தைக் காட்டச் சொல்லிவிட்டு அண்ணி வலையைச் சுற்றி நடந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் மகாராணியின் ஷூ அந்த இடத்தை இரண்டு தடவை தேய்த்துவிட்டது. கேட்டதற்கு, பழக்கதோஷம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலால் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பலகையின்படி ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தீர்ப்புச் சொல்ல வந்தது செயலாளர். வேலியே பயிரை மேய்கிறபோது யாரிடம் போய்ச் சொல்வது? தன் மனைவி அழித்தது ஏதாவது பழைய தடமாக இருக்கும், இந்தப் பந்தின் தடத்தைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லட்டும் என்றார். அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார். மகாராணியும் பார்த்தாள். அண்ணி பார்க்கவில்லை. நான் இருக்கிறேன் என்ற நிம்மதியில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டிருந்தேன். சரியா கவனிக்கல,” என்றேன்.

அண்ணியின் கை கயிற்றில் அப்படியே நின்றது. பிறகு முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். அந்தப் புள்ளி போனது. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போனது. ஐந்துக்கு ஏழு. மகாராணிக்குக் கை கொடுத்தார். தோற்றவர்தான் கோர்ட்டில் பாய் இழுத்து மண்ணைச் சமன் செய்ய வேண்டும். கயிறு கட்டிய அந்தக் கனமான பாயை இழுத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு சுற்றிச் சுற்றி நடந்தார். நான் உதவிக்குப் போனேன். கயிற்றை அவர் கொடுக்கவில்லை.

இத்தனை நேரம் மகாராணியைத் திட்டினேன், அவள் புருஷனைத் திட்டினேன். அவர்கள் திருடர்கள், திருடினார்கள். நான் எந்த ரகம்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ஊரைக் கெடுக்க எனக்கு வக்கில்லை. எனக்கென்று வாய்த்தது ஒரே ஒரு அண்ணி, அவரைக் கெடுத்தேன். என் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பாதிகூட அவர்கள் மேல் இல்லை.

கிளம்பும்போது வாசலில்தான் அண்ணி வாயைத் திறந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நாளைக்குக் கடைக்கு வா. உன் கண்ணைப் பாத்துடறேன்.”

போகாமல் இருக்க முடியவில்லை. இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, கண் பரிசோதிக்கிற கனமான கண்ணாடிச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். ஒரு கண்ணை மறைத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். பெரிய எழுத்திலிருந்து வரி வரியாகக் கீழே இறங்கினேன். ஏதாவது ஒரு எழுத்து மங்கித் தொலையாதா என்று இருந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அண்ணி பக்கத்திலேயே நின்றார். எறும்பு எறும்பாக இருந்த கடைசி வரியையும் வாசித்தேன். அடுத்த கண்ணாலும் அதே வரி வரைக்கும் வாசித்தேன்.

அண்ணி விளக்கைப் போட்டார். ஒரு அட்டையில் என் பெயரை எழுதி, இரண்டு கண்ணுக்கும் நேராக எதையோ குறித்து, கடைக்கு வருகிற எல்லாரிடமும் கொடுப்பதைப் போல என்னிடம் நீட்டினார்.

“ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி தேவையில்ல,” என்றார். பிறகு கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.