காதுக்கு முதல் வகுப்பு

வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் கதையை வாசித்து முடித்துப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்கள். "இனி நீ சொல்" என்று இங்கிலீஷில் அவர்கள் சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. அதற்கு முன் வாசித்த ஒன்றரைப் பக்கமும் மழைத்தண்ணீர் ஓட்டின் மேல் ஓடுவதுபோல் ஓடிப் போயிருந்தது.

மதுரையில் நர்ஸ் வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு ஆஸ்பத்திரி அது. படிப்புக்குப் பெண்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் அந்த அம்மாள்தான். ஒரு கதை வாசிப்பார்கள். கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பரீட்சை அவ்வளவே. நான் பெரியகுளத்தில் விடுதியில் தங்கி எட்டாவது முடித்தவள். இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க். இங்கிலீஷ் பாடப்புத்தகமான ஐந்தாம் ரீடரைக் கையில் கொடுத்தால் தடங்கலில்லாமல் வாசித்து அர்த்தமும் சொல்வேன். அந்தக் கர்வத்தோடுதான் போடியில் ரயில் ஏறிப் போயிருந்தேன். போனவள் வாயடைத்து நின்றேன்.

அம்மாள் கோபிக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காமலே, அதே கதையைக் குழந்தைக்குச் சோறு உருட்டிக் கொடுப்பதுபோல் சின்னச் சின்ன உருண்டையாகச் சொன்னார்கள். ஒரு தபால்காரன். நிறையப் பனி. அவனுக்கு வழி தெரியவில்லை. ஒரு நாய் வந்தது. நாய் முன்னே போனது, அவன் பின்னே போனான். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய சந்தோஷத்தில், நாய் என்ன நிறம் என்று இங்கிலீஷிலேயே கேட்டுவிட்டேன். அம்மாள் சிரித்து, "அது புத்தகத்தில் இல்லை" என்றார்கள்.

அந்த இடத்தில் நிற்கும்போதே எனக்கு உறைத்தது. என் கண் ஐந்தாம் ரீடர் படிக்கிறது. என் காதோ இன்னும் முதல் ரீடரைத் தாண்டவில்லை. ஏனென்றால் அதை நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே இல்லை. எங்கள் டீச்சர்கள் இங்கிலீஷ் பாடத்தையும் தமிழில்தான் நடத்தினார்கள். காதை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏற்றினால் என்ன? தை மாதம் மறுபடியும் பெண்கள் எடுப்போம், அப்போது வா என்று அம்மாள் சொன்னார்கள். இடையில் நாலு மாதம் இருந்தது.

வீட்டில் அப்பா நிதானமாகத்தான் பேசினார்கள். "இன்னொரு தடவ போயிட்டு வா, தாயி. அதுலயும் ஆகலன்னா கம்பத்துக்காரகளுக்கு நான் பதில் சொல்லியாகணும். அவுக பொண்ணு கேட்டு ரெண்டு தரம் ஆள் விட்டுட்டாக."

கம்பத்து மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மதுரை ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டேன். அங்கே வெள்ளைச் சேலையில் இரண்டு பெண்கள் ஏதோ பேசிக்கொண்டே வேகமாக நடந்து போனதையும் பார்த்துவிட்டேன். அவர்களோடு நானும் அப்படி நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

கதைப் புத்தகங்கள் கிடைத்தன. பெரியகுளத்துத் தோழிகளிடம் பழைய ரீடர்கள் இருந்தன. வாசிக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் வீட்டின் முன்பக்கம் ஏலக்காய்க் கடை, பின்பக்கம் குடித்தனம். கடையில் இருக்கும் அண்ணன் என்னைவிட ஒரு வகுப்பு மேலே, நாலாவது பாரம் வரை படித்தவன். ஆனால் பத்து வரி வாசிப்பதற்குள் கொட்டாவி விட்டுவிடுவான். அவன் மனைவி, என் மதினிக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. தமிழ் வாசிப்பில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வேதம் வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இங்கிலீஷ் கதையை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால், தமிழ் தெரிந்தவர் இங்கிலீஷ் வாசிக்கலாம் அல்லவா? அன்றைக்கே முதல் ரீடரில் நாலு கதைகளை அப்படி எழுதிக்கொண்டு போய் மதினியிடம் நீட்டினேன்.

"எனக்கு ஏபிசிடி கூடத் தெரியாது. என்னயப் போயி வாசிக்கச் சொல்ற?"

"தமிழ்லதான் எழுதியிருக்கேன், மதினி. பாருங்க."

மதினி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்துத் தமிழ்தான். தமிழத்தான் காணம்."

ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மத்தியானம் நாங்கள் இருவரும் ஏலக்காய் தரம் பிரிப்போம். பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். மதினி வாசிக்கும் நேரத்தில் அவர் முறத்தையும் நானே பார்க்க வேண்டும். எனக்கு அது நல்லதாகவே போயிற்று. கண் காயிலேயே இருக்கும். தாளையோ வாசிப்பவர் முகத்தையோ பார்க்க முடியாது. காதுக்கு வேறு துணை இல்லை.

இரண்டாம் நாளே மதினி இன்னொரு கூலியும் கேட்டார். "வாசிச்சு முடிச்சதும் கதையத் தமிழ்ல சொல்லணும். என்னா ஏதுன்னு தெரியாம நான் எதுக்குத் தொண்ட வறளக் கத்தணும்?"

சொன்னேன். ஒரு வாரத்தில் முதல் ரீடர் முடிந்தது. அடுத்த பத்து நாளில் இரண்டாம் ரீடர். மூன்றாம் ரீடரிலும் மதினி வாசிக்க வாசிக்க எனக்கு எல்லாம் விளங்கிக்கொண்டே வந்தது. இந்த வேகத்தில் போனால் தைக்குள் துரைசானி அம்மாளுக்கே நான் கதை சொல்வேன் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் வந்தது வாத்துக் கதை. கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவன். அவன் வளர்க்கும் வாத்து ஊர்க் கடிகாரத்தின் சாவியை விழுங்கிவிடுகிறது. சாவி திரும்பி வரும்வரை ஊரில் யாருக்கும் மணி தெரியவில்லை. மதினி வாசித்தார், நான் காய் பிரித்துக்கொண்டே கேட்டேன், பிறகு வழக்கம்போல் கதையைச் சொன்னேன். வாத்து சாவியை விழுங்கிவிட்டுத் திருதிருவென்று முழிப்பதை நடித்தும் காட்டினேன். மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தாள்களை அடுக்கியவர் திடீரென்று நிறுத்தினார்.

"இங்கன ரெண்டு தாள் ஒட்டிக் கெடக்கே. வெல்லப்பாகு பட்டிருக்கு." மெதுவாகப் பிரித்தார். "இதுல என்னா எழுதியிருக்கு?"

எட்டிப் பார்த்தேன். "வாத்து சாவிய முழுங்குற எடம்."

"இந்தப் பக்கத்த நான் வாசிக்கவே இல்லையே, தாயி. நீ எங்கன இருந்து கேட்ட?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். மூன்றாம் ரீடருக்கு வந்துவிட்டேன் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். காது ஒரு படிகூட ஏறவில்லை. ஒவ்வொரு கதையையும் முதல் நாள் நானே என் கையால் எழுதினேன். மறுநாள் மதினியின் குரலைச் சாக்காக வைத்துக்கொண்டு, எழுதியதை நினைவிலிருந்து ஒப்பித்திருக்கிறேன். அந்தத் தாளில் கடைச் சாமான் பட்டியல் இருந்திருந்தாலும் எனக்கு வாத்துக் கதைதான் கேட்டிருக்கும்.

இரண்டு நாள் தாளைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது மதினியே ஆரம்பித்தார்.

"ஏங்க, மத்தியானம் கடையில ஈ ஓட்டிக்கிட்டுத்தான இருக்கீக? அந்த இங்கிலீசுக் கதைய நீங்க தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்தா கை தேஞ்சா போகும்?"

"நாலாவது பாரம் படிச்சது இதுக்குத்தானா?"

"பின்ன எதுக்குப் படிச்சீக? அதச் சொல்லுங்க, கேப்போம்."

அண்ணன் பதிலுக்கு ரசம் கேட்டான். மறுநாள் கடைப்பையன் கையில் நாலு தாள் கொடுத்தனுப்பினான்.

அவன் காலத்துப் பழைய ரீடரிலிருந்து எடுத்த, நான் பார்க்காத கதை. மதினி வாசித்தார். முதல் ரீடர்தான், எட்டே வரிதான். அதில் மூன்று வரிதான் பிடிபட்டது. நான் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். இந்த முறை நிஜமாகவே. ஒரே கதையை மதினி நாலு தரம், ஐந்து தரம் வாசிப்பார். முதல் தரம் ஆள் யார் என்று தெரியும். இரண்டாம் தரம் எங்கே போகிறான் என்று தெரியும். ஐந்தாம் தரத்தில் வெட்கம் தெரியும், இதுவா இவ்வளவு நேரம் விளங்கவில்லை என்று. கார்த்திகை முடியும்போது இரண்டாம் ரீடருக்கு வந்திருந்தேன். பீற்றிக்கொள்ளவில்லை.

மார்கழியில் ஒரு நாள் ராஜகுமாரன் கதை. மூன்றாம் ரீடர். காட்டைக் கடந்து கோட்டைக்குப் போக வேண்டிய ராஜகுமாரன், எனக்குக் கேட்டவரைக்கும், எங்கோ டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தான்.

"மதினி, அந்த வரிய இன்னொரு தரம்."

வாசித்தார்.

"தப்பா வாசிக்கிறீக."

"எழுதியிருக்கறதத்தான் வாசிக்கிறேன். கண்ணு என்னுது, காது ஒன்னுது. அவ அவ வேலைய அவ அவ பாப்போம்."

மூன்றாம் தரமும் அதேதான் கேட்டது. "ராஜகுமாரன் ஏலக்காய் மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போடி டேசன்ல ரயில் ஏறுறான்னு கேக்குது, மதினி. அப்படி இருக்காது."

கடைப்பக்கம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "ஏன் இருக்காது? ராஜகுமாரன்னா ரயில்ல போகக் கூடாதா? தேனில எறங்கி அவன் வடை திங்கிறான், அதுவும் இருக்கு, கேட்டுக்க!"

"நீங்க எழுதுனது கதையா, கூத்தா?" என்றார் மதினி. ஆனால் நான் எழுந்து போய் அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். காது சரியாகத்தான் கேட்டிருந்தது; நான்தான் அதை நம்பவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று மனது முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது, காதைப் பேசவிடுவதில்லை. அன்று முதல் அண்ணன் எல்லாக் கதையிலும் எங்காவது ஒரு இடத்தில் கை வைத்து மாற்றி எழுதினான். எந்த இடம் என்று தெரியாததால் நான் எல்லா இடத்தையும் கேட்க வேண்டியதாயிற்று. கொட்டாவிக்காரன் கடையைச் சாத்திய பிறகும் உட்கார்ந்து எழுதினான்.

தை பிறந்து மூன்றாம் வாரம் மதுரைக்குப் போனேன். அதே நாற்காலி, அதே அம்மாள், வேறு கதை. அவர்கள் இங்கிலீஷ் எங்கள் வீட்டு இங்கிலீஷ் மாதிரி இல்லை. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு வந்தன. முதல் இரண்டு வரி போயே போய்விட்டது. மூன்றாவதில் ஒரு கிழவி பிடிபட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டே போனேன். குளிர்காலத்தில் அவள் தன் வீட்டுக் கதவைக் கழற்றி விற்கிறாள். கதவையா? விறகாக இருக்கும் என்று மனது சொன்னது. கதவு என்றுதான் காது சொன்னது. காதின் பக்கம் நின்றேன்.

தப்பும் தவறுமாக இங்கிலீஷில் கதையைச் சொன்னேன். ஆரம்பம் எனக்குக் கேட்கவில்லை, நடுவில் ஒரு இடமும் விளங்கவில்லை என்று அதையும் சொன்னேன். அம்மாள் பென்சிலால் ஏதோ எழுதினார்கள். பிறகு மெதுவாக, நான் பிடித்துக்கொள்ளும்படி சொன்னார்கள்: "ஆனி மாதம் வந்து சேர். முதல் மூன்று மாதம் பார்ப்போம். உனக்குக் கதை கேட்கத் தெரிகிறது. ஆனால் வார்டில் யாரும் உனக்குக் கதை சொல்ல மாட்டார்கள். டாக்டர் ஒரு தரம் சொல்வார், நீ செய்ய வேண்டும். நீ மறுபடி கேட்கும்வரை நோயாளி காத்திருக்க மாட்டான்."

இப்போது கல்யாணம் இல்லை என்று அப்பா கம்பத்துக்குக் கார்டு எழுதிவிட்டார்கள். "மூணு மாசம் பாப்பாகளாமே, அப்புறம்?" என்று என்னிடம் ஒரே ஒரு தரம் கேட்டார்கள். அப்புறம் என்ன என்பது ஆனியில் என் காது நடந்துகொள்வதைப் பொறுத்தது.

இப்போது பங்குனி. கதைகளை மூட்டை கட்டிவிட்டோம். அண்ணன் ஒரு வாரமாக வேறு தாள் எழுதுகிறான்: அதை எடு, இதை ஊற்று, பாதியைக் கொட்டு, இரண்டு கொண்டு வா, மூன்றை அங்கேயே வை. எல்லாம் இங்கிலீஷ் கட்டளைகள். முதலில் ஒற்றை வரி, பிறகு இரண்டு, கடைசித் தாளில் ஐந்து வரி ஒரே மூச்சில். மதினி அடுப்படியில் நின்று ஒரே ஒரு தரம் வாசிப்பார். நான் செய்ய வேண்டும். திருப்பிக் கேட்கக் கூடாது.

"உப்பப் பாயசத்துல கொட்டச் சொல்லி எழுதியிருந்தா?" என்று கேட்டேன்.

"கொட்டு. எழுதுனவுக குடிக்கட்டும்" என்றார் மதினி.

நாளை காலை அடுப்புப் பற்றவைத்ததும் முதல் தாள்.