அம்மாவின் கொடிக்கு ஒரு சாக்கு

எங்கள் செவலை மாடு கன்று போட்ட அன்று, எட்டு வயதில் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. குச்சியும் கையுமாகத் தொழுவத்தில் உட்கார்ந்து, மாட்டின் இளங்கொடி எப்போது விழும் என்று பார்த்திருக்க வேண்டும். வயிற்றுக்குள் இருந்த கன்றுக்கு அத்தனை மாதமும் சோறும் மூச்சும் கொடுத்தது அதுதான். கன்று வந்தபின் அதுவும் பின்னாலேயே வந்துவிடும். அசந்தால் மாடே தின்றுவிடும், இல்லாவிட்டால் நாய் இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

“உட்டுப்போட்டீன்னா பால் வத்திப்போகுஞ் சாமி, பாத்துக்கோ,” என்றார் அப்பா.

நான் விடுவேனா! பாவம், சும்மா மேய வந்த கோழிக்குக்கூட அடி விழுந்தது. கொடி விழுந்ததும் அப்பா அதை வைக்கோலோடு சாக்கில் கட்டி, முதலமடை ரோட்டோர ஆலமரத்தில் உயரமாகத் தொங்கவிட்டார். ஆலமரம் பால் வடிகிற மரம். அதில் கட்டினால் மாட்டுக்கும் மடி நிறையும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடும் நன்றாகவே கறந்தது. எல்லாம் என் காவலால்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் புத்தகப்பையைக் காலி செய்து, ஒரு சாக்கும் கயிறும் அமுக்கி அமுக்கி வைக்கோலும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாற்றுத்துணி என்று நினைத்துவிட்ட அத்தை, “எத்தன பொறுப்பு பாரு புள்ளைக்கு,” என்று மெச்சிக்கொண்டாள்.

காலை பத்து மணி சுமாருக்குத் தம்பி பிறந்தான். மலையாளத்து நர்ஸ் அவனைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார். அப்பா அவனைப் பார்த்தும் பார்க்காமலும், “கொடி வந்துருச்சுங்களா?” என்றார்.

“இல்லா, இன்னும் வந்நிட்டில்லா. டாக்டர் நோக்குறாங்க.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. குழந்தை வந்தும் கொடி பிரியாமல் உள்ளேயே நின்றால் இரத்தம் நிற்காது, தாயைப் பறிகொடுக்கக்கூட நேரலாம். மாடுகளோடு காலம் தள்ளிய மனிதருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கோ ஒரே குஷி. நல்லவேளை, இன்னும் விழவில்லை, எந்த நாயும் முந்திக்கொள்ளவில்லை! பையைத் திறந்து சாக்கை உதறினேன். வராந்தா முழுக்க வைக்கோல். பிரசவ அறை வாசலுக்குப் போய்ச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றேன்.

“எங்கம்மா கொடிய இதுல போட்டுக் குடுங்க. தம்பிக்குப் பால் வேணுமல்லங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை என் தொடையைத் திருகி, “வாய மூடு கழுத, மானம் போகுது,” என்றாள். அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தார்.

“வந்நு. முழுசா வந்நு. தட்டுல வெச்சு நோக்கியாச்சு, ஒரு துண்டும் உள்ளே நிக்கலை. அம்மைக்கு இனிப் பயமில்லா.”

நான் சாக்கை நீட்டினேன்.

“அதெல்லாம் வெளிய தரக்கூடாது மோளே. நீ பயப்படண்டா, தம்பிக்குப் பால் கிடைக்கும்,” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். மூடிய கதவை நோக்கி ஒரு கும்பிடு போட்ட அப்பா, அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஐயோ பாவம், மனிதர் எத்தனை நேரம் காத்திருந்தார், கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார்களே!

பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, காதோடு சொன்னேன்: “அழுவாதீங்கப்பா. அடுத்த பாப்பாவுக்கு முன்னாடியே சொல்லிவெச்சு வாங்கிக்கலாம்.”

அழுகை சட்டென்று நின்றது. அப்பா என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, “வேண்டவே வேண்டாஞ் சாமி,” என்றார்.

அத்தனை அழுத மனிதருக்கு அதற்குள் எப்படி ஆசை விட்டுப்போனது என்று எனக்குப் புரியவே இல்லை.