மே மாதத்துத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு மே மாத ஞாயிறு காலை, மகளை மேல்மாடி அன்ரியிடம் விட்டுவிட்டு, நானும் கணவரும் ஸ்காபரோவிலிருந்து சிம்கோ ஏரிக்கு மீன்பிடிக்கப் போனோம். வழக்கமாக அவருடன் போகும் நண்பருக்கு அன்று வேலை. அதனால்தான் நான்.

துடுப்புப் படகை வாடகைக்குத் தந்த வெள்ளைக்காரர் இரண்டு விடயங்கள் சொன்னார். பாஸ் மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால், தூண்டிலில் பட்டால் திருப்பி விட்டுவிட வேண்டும். மிதவை அங்கியைக் கழற்றக் கூடாது. எனக்கு நீந்தத் தெரியாது, கழுத்துவரை பூட்டிக்கொண்டேன். கணவர் தன்னுடையதை மடித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"கடற்கரையிலை பிறந்து வளந்தவன் நான். உது குளம். நீர் பயப்பிடாதையும்."

ஒரு மணித்தியாலத்தில் பெரிய பாஸ் ஒன்று அகப்பட்டது. கரும்பச்சை முதுகு, வாயைப் பிளந்துகொண்டு துள்ளியது. அவர் கொக்கியைக் கழற்றி, அதைப் பக்குவமாகத் தண்ணீரில் விடக் குனிந்தார். படகு சரிந்தது. அவர் விழுந்துவிட்டார்.

தலை மேலே வந்தபோது வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சில வாரங்களுக்கு முன்புவரை அந்த ஏரி பனிக்கட்டியாகக் கிடந்தது. நீச்சல் தெரிந்த மனிதர் மூச்செடுக்கவே திணறினார். படகின் விளிம்பைப் பிடித்தார். படகு என்னையும் கவிழ்க்கப் பார்த்தது. மகளின் தடுப்பூசி அட்டை எந்த மேசை லாச்சிக்குள் இருக்கிறது என்று அன்ரிக்குத் தெரியாதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கையைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை.

"கை விறைக்குது. பிடி விடப்போகுது."

"விடாதேங்கோ! நீங்கள் விட்டால் நானும் குதிப்பன்!"

படகின் முன்பக்கக் கயிற்றை அவருடைய கக்கத்துக்குள்ளால் சுற்றி, நான் இருந்த பலகையில் கட்டினேன். பிறகு துடுப்பை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. படகு வட்டம் சுற்றியது. அழுதுகொண்டே வலித்தேன். அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்க்கப் பயந்து, அவரைக் கூப்பிட்டபடி வலித்தேன்.

துடுப்பு மணலில் இடித்தது. நான் இறங்கினேன், தண்ணீர் இடுப்பளவு. கயிற்றை அவிழ்த்து அவரை நாணல்களுக்குள் இழுத்தேன். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஆனால் பற்கள் கிடுகிடுத்தன. உயிர் இருக்கிறது என்று அதில்தான் தெரிந்தது. படகு சுற்றுவதைக் கண்டு வெள்ளைக்காரர் மோட்டார் படகில் கம்பளியோடு வந்தார்.

கார் ஹீட்டர் முன் வெகுநேரம் இருந்தோம். "அன்ரிக்குச் சொல்லாதையும்" என்றார். நான் அவருடைய தோளில் அடித்தேன். பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதேன்.

அதன்பிறகு பல வாரங்கள், அவர் குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இருமலோ பாட்டோ கேட்கும்வரை அடுப்படிக்குப் போகவில்லை.